துணைவர் வெளியூரில், படிப்பும் பிராணியும் வீட்டில்

தலைவன் தலைவியைப் பிரிந்து செல்லுதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. ஓதல், பகை, தூது, பொருள் முதலியன அக்காரணங்கள். ஓதற்பொருட்டுப் பிரியும் காலம் மூன்று ஆண்டைக் கடத்தல் ஆகாது என்ற வரையறையும் அந்நூலில் உண்டு. கல்வி கற்கச் செல்பவன் தலைவன். இல்லத்தில் இருந்து காத்திருப்பவள் தலைவி. பண்டைய ஏற்பாடு இது. இன்று தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இவ்வேற்பாடு தலைகீழாக மாறியிருக்கின்றது. பொருள்வயிற் பிரிபவர் கணவர். ஓதுபவர் இல்லத்திலேயே இருக்கும் மனைவி. மூன்று ஆண்டு என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. பட்டப் படிப்புக்கு இன்றும் அதுவே குறைந்த காலம்.

வெளி மாநிலத்துக்கு வந்த நம்மவருள் உத்தியோக நிமித்தம் ஊர் ஊராகச் சுற்றுவோர் தொன்றுதொட்டே மிகுதி. கணக்குத் தணிக்கை செய்வோர், வங்கிக் கிளைகளை ஆய்வு செய்வோர், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள், அணைக்கட்டு, மின் நிலையம் போன்ற வேலைத்தளங்களுக்குச் செல்லும் பொறியாளர்கள், கப்பலில் பணிபுரிவோர் என அப்பட்டியல் நீளும். மாதத்தில் பத்து நாள் முதல் இருபது நாள் வரை அவர்கள் வீட்டில் இருப்பதில்லை. கப்பலில் உள்ளவரோ ஆறு மாதம் கழித்தே கரையேறுவார். சொந்த ஊராக இருந்தால் மாமியாரோ தாயாரோ அடுத்த தெருச் சித்தியோ வந்து ஒருவேளை அடுப்பைக் கவனித்துக்கொள்வார். நாம் இருப்பதோ மூன்றாம் மாடியில் இரண்டு அறை. அண்டை வீட்டார் நல்லவர். ஆனால் அவர் பேசுவது பாதி புரியும், நாம் பேசுவது பாதி புரியும்.

இத்தகைய வீட்டில் மனைவியார் ஒரு பட்டப் படிப்பில் சேர்கின்றார். அதே வீட்டில் ஒரு நாயும் இருக்கின்றது. நாயை வாங்கி வந்தவர் பெரும்பாலும் கணவரே. தாம் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டுக்குத் துணையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் துணைக்கென்று வந்தது தானே ஒரு துணையை வேண்டி நிற்கின்றது. தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது நாய்க்கு வயிற்றுப்போக்கு; குழந்தைக்குப் பள்ளியில் பெற்றோர் கூட்டம்; கணவர் ராஞ்சியில். இப்படி ஒரு வாரத்தில் கைவிடப்பட்டு மீண்டும் எடுக்கப்படாமலே போன படிப்புக்கள் நாம் அறிந்த குடும்பங்களிலேயே சில உண்டு. கைவிட்டவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். நாட்களையும் மணிகளையும் முன்கூட்டியே எண்ணிப் பார்க்க அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எங்கே படிப்பது என்பதை முதலில் பார்ப்போம். நாள்தோறும் கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்க்கு நம் நாட்டில் வழி திறந்தது 1962-இல். அவ்வாண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. இன்று அது திறந்தநிலைக் கல்விப் பள்ளி என்ற பெயரில் நடைபெறுகின்றது. தில்லியில் குடியிருக்கும் பெண்களுக்கென வார இறுதியில் மட்டும் வகுப்பு நடத்தும் மகளிர் கல்வி வாரியமும் அப்பல்கலைக்கழகத்தில் உண்டு. மும்பையில் உள்ளோர்க்கு, தோண்டோ கேசவ கார்வே 1916-இல் நிறுவிய மகளிர் பல்கலைக்கழகம் இருக்கின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஊர் மாற்றம் அடிக்கடி நேரும் குடும்பங்களுக்கு ஏற்றது 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் என்பது நமது கருத்து. கணவருக்குப் போபாலுக்கு மாற்றலானாலும் குவஹாத்திக்கு மாற்றலானாலும் படிப்பும் உடன் செல்லும்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைக் கல்வியில் சேர விரும்புவோரும் உண்டு. தாய்மொழியில் படிக்கும் ஆசை இயற்கையே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்துவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அனுமதிப்பதில்லை. ஆகவே சந்திப்பு வகுப்புக்கும் தேர்வுக்கும் ஊருக்குச் செல்ல நேரலாம். நாயையும் குழந்தைகளையும் விட்டுவிட்டு இருநாள் இரயிற் பயணம் என்றால் படிப்பு அங்கேயே தடுக்கி விழும். வெளி மாநிலத் தெருக்களில் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைப் பலகையில் எழுதிப் பணம் வாங்கும் தனியார் மையங்களை நம்புதல் கூடாது. எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் உண்டு என்பதை மானியக் குழுவே வெளியிடுகின்றது. சேருமுன் அதைப் பார்த்துக்கொள்வது பதினைந்து நிமிட வேலை.

இனி மணிக்கணக்கு. இதை நாம் சற்று விரிவாகவே கூற விரும்புகின்றோம். தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாடங்களைக் கிரெடிட் என்ற அலகால் அளக்கின்றது. ஓர் அலகு என்பது மாணவர் செலவிடும் முப்பது மணி நேரம். பாடம் படித்தல், கட்டுரைப் பயிற்சி எழுதுதல், வகுப்புக்குச் செல்லுதல் எல்லாம் இதில் அடங்கும். நான்கு அலகுள்ள பாடத்துக்கு 120 மணி. ஆறு அலகுக்கு 180 மணி. ஒரு பட்டப் படிப்பு 120 அலகுகள் எனக் கொண்டால் மொத்தம் 3,600 மணி. இதை மூன்றாண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் படித்தாக வேண்டும். நாளொன்றுக்கு மூன்றேகால் மணி. ஞாயிறும் தீபாவளியும் விலக்கல்ல. அதையே ஆறாண்டில் முடிப்பதென்றால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி. நாளொன்றுக்கு ஒன்றரை மணியைச் சற்றுக் கடக்கும்.

இனி நாயின் கணக்கைப் பாருங்கள். வளர்ந்த நாய் ஒன்றுக்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி நடை. உணவு, தண்ணீர், உரோமம் வாருதல், இடத்தைத் துப்புரவு செய்தல் ஆகியவற்றுக்கு இன்னும் அரைமணி. நாளொன்றுக்கு ஒன்றரை மணி. வாரத்துக்குப் பத்தரை மணி. ஆகவே நாய் வளர்த்தல் என்பது ஆறாண்டுத் திட்டத்திலான ஒரு பட்டப் படிப்புக்கு ஏறக்குறையச் சமம். ஒரு வேறுபாடு: இப்படிப்பு பத்துப் பன்னிரண்டு ஆண்டு நீடிக்கும், நடுவில் விடுப்பும் இல்லை, பட்டமும் இல்லை.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் உண்மை விளங்கும். கணவர் ஊரில் இல்லாத வீட்டில், பள்ளி செல்லும் குழந்தைகளும் நாயும் இருக்க, மூன்றாண்டில் பட்டம் பெறுவேன் என்று உறுதி கொள்ளுதல் பெரும்பாலோர்க்கு ஆகாத காரியம். ஐந்தாண்டு என்று வைத்துக்கொள்வதில் இழிவு ஒன்றும் இல்லை. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறாண்டு வரை நீட்டித்து முடிக்க அப்பல்கலைக்கழக விதிகளே இடம் தருகின்றன. ஒரே பருவத்தில் எல்லாத் தாள்களையும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜூன் மாதத்தில் இரண்டு, டிசம்பரில் மூன்று என்று பிரித்து எழுதலாம். உறவினர் கேட்பார்கள், இன்னுமா முடியவில்லை என்று. அவர்கள் நாயையும் நடத்திச் செல்வதில்லை, அடுப்பையும் பார்ப்பதில்லை, கேட்டுவிட்டுப் போகட்டும்.

நேரத்தை எங்கிருந்து எடுப்பது? அதிகாலை நான்கரை முதல் ஆறு வரை என்பது பெரியோர் சொல்லும் வழி. அது நல்ல வழியே. ஆயினும் எல்லார்க்கும் ஒத்துவராது. தனியே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் இரவில் நன்கு உறங்கவில்லையெனில் அதிகாலைப் படிப்பு கண்ணில் நிற்குமே அன்றிக் கருத்தில் நிற்காது. நம் அனுபவத்தில் நன்கு பயன்படுவது முற்பகல். குழந்தைகள் பள்ளிக்குச் சென்றபின், நாய் காலை நடையும் உணவும் முடித்து உறங்கும் நேரம் அது. நாயை நன்றாக நடத்திவிட்டு வந்தால் இரண்டு மணி நேரம் அது காலடியில் படுத்துக் கிடக்கும். நடையில் பத்து நிமிடத்தைக் குறைத்தால் அப்பத்து நிமிடத்தை அது புத்தகத்தின்மேல் வந்து ஏறி வாங்கிக்கொள்ளும். ஆகவே நாயின் நடையைப் படிப்புக்கு இடையூறாக எண்ணாமல் படிப்பின் முதற்பகுதியாக வைத்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் துணி மடிப்பது, கீரை ஆய்வது போன்ற கைவேலைகளின்போது பாடத்தை ஒலிவடிவில் கேட்கலாம். ஆனால் கேட்பது எழுதுவதற்கு ஈடாகாது. தேர்வில் மூன்று மணி நேரம் பேனா பிடிக்க வேண்டிய விரல், ஆண்டு முழுதும் அகப்பையை மட்டுமே பிடித்திருந்தால் முதல் மணியிலேயே வலி எடுக்கும். வாரத்துக்கு ஒரு விடையேனும் கையால் எழுதிப் பார்த்தல் வேண்டும்.

கட்டுரைப் பயிற்சிகளை இறுதி நாள் வரை தள்ளிப்போடுவது பெருங்கேடு. அசைன்மென்ட் என வழங்கும் இப்பயிற்சிகளுக்குப் பெரும்பாலான பாடங்களில் நூற்றுக்கு முப்பது பங்கு மதிப்பெண் உண்டு. அவற்றை அளித்தாலன்றித் தேர்வு எழுத இயலாது. கணவர் ஊரில் இருக்கும் பத்து நாட்களிலேயே இவற்றை முடித்துவிட வேண்டும் என்பது நமது யோசனை. பாடம் படிப்பதைத் துண்டு துண்டாகச் செய்யலாம். கட்டுரை எழுதத் தொடர்ச்சியான மூன்று மணி வேண்டும். அந்த மூன்று மணியைத் தரக்கூடியவர் வீட்டில் மற்றொருவர் இருக்கும் நாட்களே.

சமையலறைச் சுவரில் நாம் மாட்டிவைக்கும் நாட்காட்டி இங்கே பெரிதும் உதவும். அதில் இராகு காலம் பார்ப்பதோடு நில்லாமல், கணவரின் பயண நாட்கள், தேர்வு நாட்கள், கட்டுரைப் பயிற்சியின் இறுதி நாள், நாயின் தடுப்பூசி நாள், குழந்தைகளின் பள்ளித் தேர்வு ஆகியவற்றை ஒரே தாளில் குறித்தல் வேண்டும். ஜூன், டிசம்பர் என்ற இரு மாதங்கள் முன்னரே தெரிந்தவை. அம்மாதங்களில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளும்படி கணவரிடம் ஜனவரியிலேயே சொல்லிவைக்கலாம். மைத்துனன் திருமணத்துக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் விடுப்புக் கேட்பவர், மனைவியின் தேர்வுக்கு விடுப்புக் கேட்க நாணுவது ஏன் என்று நமக்கு விளங்கவில்லை.

இனிப் பிராணிகளின் பொருட்டுச் சில செய்திகள். படிப்பில் சேர்ந்த முதல் ஆண்டில் புதிய நாய்க்குட்டி வேண்டவே வேண்டாம். மூன்று மாதக் குட்டியால் மூன்று மணிக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. இரவிலும் எழுந்து வெளியே கொண்டு செல்ல வேண்டும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிப்பதற்கு அது ஒப்பாகும். முன்பே வளர்ந்த நாய் இருந்தால் அதனோடு படிப்பை இணைத்துக்கொள்ளலாம். பிராணி ஏதேனும் வேண்டும் என்று குழந்தைகள் விரும்பினால் மீன்தொட்டி மேல். உடல்நலமுள்ள பெரிய மீன்கள் இரண்டு மூன்று நாள் உணவின்றியும் இருக்கும். அவை இறப்பது பெரும்பாலும் அளவுக்கு மிஞ்சிய உணவு நீரைக் கெடுப்பதனால். கிளி வளர்க்கலாமே என்போர்க்கு ஒரு சொல். நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் விற்கின்றார்களே என்பது விடையாகாது.

பிராணிகளைப் பற்றிய நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு தமிழ்ப் பெண்மணியின் கை இருக்கின்றது என்பதை நேயர்கள் அறிந்திருப்பர். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல், பிராணிகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுக்கத் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் தொடர்ச்சியாக அரசு கொண்டுவந்த சட்டம் 1960-இல் நிறைவேறிற்று. 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நெடுங்காலம் சென்னையில் இயங்கிய அவ்வாரியம் 2018-இல் ஹரியானாவுக்கு இடம் மாறியது. போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராமை, குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், அடைத்தே வைத்திருக்கும் நாய்க்கு உரிய நடை தராமை, காரணமின்றிக் கைவிடுதல் ஆகிய யாவும் அச்சட்டத்தில் கொடுமை என்றே கூறப்பட்டுள்ளன. தேர்வு வாரம் வந்தது என்று நாயைப் பால்கனியில் கட்டிப் போடுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். குடியிருப்புச் சங்கத்தார் நாய் வளர்க்கவே கூடாது என்று தடை விதித்தால், அதற்கு அவர்களுக்கு உரிமை இல்லை என்பதை அவ்வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் தெளிவாக்குகின்றன. நாயை வாரில் பிடித்துச் செல்வதும் பொது இடத்தைத் துப்புரவாக வைப்பதும் நம் கடமை.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விடுதல் கூடாது. நம் வீட்டுச் சமையலில் நாய்க்கு ஆகாதவை பல. சாம்பாரில் இடும் சின்ன வெங்காயமும் இரசத்தில் தட்டிப் போடும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் உலர்ந்த திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. சாக்லேட்டும் நஞ்சு. படிக்கும் அவசரத்தில், இருக்கிற சாம்பார் சாதத்தை ஒரு பிடி பிசைந்து வைப்போம் என்று தோன்றும். அதைவிட வெறுந்தயிர்ச் சோறு தீங்கற்றது. ஆயினும் நாள்தோறும் அதுவே உணவாகப் போதாது. முட்டையோ இறைச்சியோ கடையில் விற்கும் உலர் உணவோ சேர வேண்டும். பூனையின் நிலை இன்னும் கண்டிப்பானது. பூனை ஊன் உண்ணும் பிராணி. இறைச்சியில் உள்ள டாரின் என்ற பொருள் கிடைக்காவிடில் அதன் கண்ணும் இதயமும் பழுதுபடும். சைவ வீட்டினர் பாலும் சோறும் போட்டுப் பூனையை வளர்த்துவிடலாம் என்று எண்ணுதல் பூனைக்குச் செய்யும் தீங்கு. வீட்டில் ஊன் சமைக்க மனமில்லாதவர்க்கு, பூனைக்கென்றே ஆயத்தம் செய்து விற்கும் உணவு எல்லா நகரங்களிலும் கிடைக்கின்றது.

மருந்து விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை தேவை. இரவு பதினொரு மணிக்குப் பிராணிக்குக் காய்ச்சல், கணவர் இல்லை, வீட்டில் பாரசிட்டமால் இருக்கின்றது. பாதி கொடுப்போமா என்ற எண்ணம் எழும். பூனைக்கு அம்மாத்திரை ஒன்றே உயிரைப் போக்கப் போதும். மனிதர் உண்ணும் வலி மாத்திரைகள் நாய்க்கும் தீங்கானவை. இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது, அங்கே வண்டியில் நாயை ஏற்ற ஒப்புக்கொள்ளும் ஓட்டுநர் யார் என்பதைப் பகலிலேயே விசாரித்து எழுதிவைத்தல் வேண்டும்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் கால அளவில் தவறாது போட்டுவர வேண்டும். நம் நாய்க்கு ஊசி போட்டிருக்கின்றது என்பதால் தெரு நாய் கடித்ததை அசட்டை செய்தல் கூடாது. யாரையேனும் நாய் கடித்தால் அல்லது பிறாண்டினால் உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தேர்வு முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாத காரியங்களுள் இதுவே முதலாவது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பின்னர் மருந்தால் பயனில்லை.

வடநாட்டுப் பருவங்களையும் நினைவில் வைக்க வேண்டும். தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 பாகையை எட்டும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வேர்ப்பதில்லை. நாக்கை நீட்டி மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கும். புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். நம் கை பொறுக்காத தரையில் அதன் பாதம் படக் கூடாது. சூரியன் எழுமுன்பும் விழுந்தபின்பும் நடை. ஜூன் தேர்வும் கோடையும் ஒன்றாக வருவதால் படிப்பு நேரம் தானே முற்பகலுக்கு நகரும். ஊரிலிருந்து சிப்பிப்பாறை நாயையோ கன்னி நாயையோ கொண்டுவந்தவர்கள் ஜனவரிக் குளிரை மறத்தல் ஆகாது. குட்டை உரோமமுள்ள அந்நாய்கள் நம் கரிசல் பூமிக்குப் பழகியவை. அவற்றுக்குத் தரையில் கம்பளமும் உடம்பில் ஒரு போர்வையும் வேண்டும்.

விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது நாயை என்ன செய்வது? தில்லியிலிருந்து சென்னைக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். நாயை உடன் கொண்டு செல்ல முதல் வகுப்பில் இருவர் அறையையோ நால்வர் அறையையோ முழுமையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். படுக்கை வசதி வகுப்பிலும் இரண்டு, மூன்று அடுக்குக் குளிர்சாதன வகுப்புகளிலும் நாய்க்கு இடமில்லை. கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் அனுப்பலாம் என்ற விதி இருப்பினும், கோடையில் நாம் அதைப் பரிந்துரைக்க மாட்டோம். குடியிருப்பில் நாய் வளர்க்கும் மற்றொரு குடும்பத்தோடு முறை வைத்துக்கொள்வதே எளிது. பொங்கலுக்கு அவர்கள் நம் நாயைப் பார்த்துக்கொள்வார்கள். ஹோலிக்கு நாம் அவர்கள் நாயைப் பார்த்துக்கொள்வோம். அதற்குமுன் இரண்டொரு முறை நாயை அவ்வீட்டில் சில மணி நேரம் விட்டுப் பழக்கியிருக்க வேண்டும்.

வெளியூரில் இருப்பவர்க்கு வேலை ஒன்றும் இல்லை என எண்ணுதல் வேண்டா. இக்காலத்தில் கைபேசி கொண்டே செய்யக்கூடிய வீட்டுக் காரியங்கள் மிகப் பல. எரிவாயு உருளை பதிவு செய்தல், மின் கட்டணம், பள்ளிக் கட்டணம், நாயின் உணவை வரவழைத்தல், தடுப்பூசிக்கு மருத்துவரிடம் நேரம் பெறுதல், பல்கலைக்கழக இணையதளத்தில் தேர்வுப் படிவம் எப்போது வெளியாகின்றது என்று பார்த்தல் ஆகியவற்றை இலக்னோ விடுதியறையில் அமர்ந்தே முடிக்கலாம். தேர்வுப் படிவத்தில் மையத்தைக் குறிப்பிடும்போது வீட்டுக்கு அருகில் உள்ளதை முந்திக்கொண்டு கேட்பதற்கு இது மிகவும் உதவும். இவ்வேலைகளை, “உனக்கு உதவி செய்கின்றேன்” என்ற பாவனையில் செய்யாமல் தம் பங்கு என்றே ஏற்பவர் வீட்டில் படிப்பு நடக்கின்றது. இரவுத் தொலைபேசி உரையாடலில் முதற்கேள்வி சாப்பாட்டைப் பற்றியும் இரண்டாவது நாயைப் பற்றியும் இருக்கலாம். மூன்றாவதேனும் பாடத்தைப் பற்றி இருக்கட்டும்.

வீட்டுச் சாவி ஒன்று நம்பகமான அண்டை வீட்டில் இருத்தல் வேண்டும். மொழி தடையாக இருப்பின், நாயின் பெயர், அது உண்ணும் அளவு, மருத்துவரின் தொலைபேசி எண், கணவரின் எண் ஆகியவற்றை இந்தியிலோ வங்காளத்திலோ மராத்தியிலோ ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டலாம். வங்கிக் கணக்கு இருவரில் எவரும் எடுக்கக்கூடியதாக இருக்கட்டும். இதைக் கூறுவது சிலர்க்குக் கசக்கும். ஆனால் நள்ளிரவில் மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு பணத்துக்காகப் புவனேஸ்வரத்தை அழைக்க வேண்டியிருப்பது அதைவிடக் கசப்பு.

சமையலில் சிக்கனம் செய்யத் தமிழ் மகளிர்க்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மாவு ஒருமுறை அரைத்தால் நான்கு நாள். புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கைவசம் இருந்தால் ஒரு தேர்வு வாரமே கடந்துவிடும்.

ஒருவரும் பெரிதாகப் பேசாத இடர் ஒன்று உண்டு. அது கணவர் திரும்பி வரும் நாள். பதினைந்து நாள் தனிமையில் வீடு ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கும். இன்ன நேரத்தில் நடை, இன்ன நேரத்தில் பாடம், ஒன்பதரைக்குக் குழந்தைகள் உறக்கம் என்று எல்லாம் பழகியிருக்கும். வந்தவர் அன்போடு பொட்டலங்களைப் பிரிப்பார். குழந்தைகள் பதினொரு மணி வரை விழித்திருக்கும். நாய்க்குப் பால் இனிப்பு கிடைக்கும். மறுநாள் அதற்கு வயிறு கெடும். அவர் மீண்டும் புறப்பட்டுச் சென்றபின் நாய் இரண்டு நாள் வாயிற்படியிலேயே படுத்து உண்ணாமல் இருக்கும், குழந்தைகள் சிணுங்கும், படிப்பு நான்கு நாள் பின்தங்கும். வந்தவரைக் குற்றம் கூறுவதற்கில்லை. அவருக்கும் வீடு வேண்டும். வந்த நாளை விழாவாக விட்டுவிடுங்கள். மறுநாட் காலை முதல் நாயின் நடை அவருடையது. பள்ளிக்கு அனுப்பும் வேலையும் அவருடையது. மனைவியார் அந்த இரண்டு மணியைப் பூட்டிய கதவுக்குள் படிப்புக்கு வைத்துக்கொள்ளட்டும். இவ்வாறு செய்த வீடுகளில் நாய்க்கும் ஒரு நன்மை விளைகின்றது. இருவர் கையிலும் நடக்கப் பழகிய நாய், ஒருவர் இல்லாதபோது அவ்வளவாக ஏங்குவதில்லை.

கணவர் வீட்டில் இருந்து படிக்க, மனைவி பயணம் செல்லும் குடும்பங்களும் இப்போது பெருகி வருகின்றன. மேலே கூறியவை அவர்களுக்கும் பொருந்தும். அத்தகைய வீடுகளில் அண்டை வீட்டார் இரக்கப்பட்டு அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருவதையும் பார்க்கின்றோம். படிக்கும் மனைவிக்கு அப்படி யாரும் கொண்டுவருவதில்லை.

தேர்வு நாளுக்கு மட்டும் தனியே ஓர் ஏற்பாடு. முதல் நாள் மாலையே நாய்க்கு நீண்ட நடை கொடுத்துவிடுங்கள். காலையில் ஐந்தரைக்குச் சிறு நடை, வழக்கத்தில் பாதி உணவு, நிறையத் தண்ணீர். நுழைவுச் சீட்டும் அடையாள அட்டையும் நாய் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். தாளைக் கடித்துக் குதறுவதில் இளநாய்களுக்குத் தனி விருப்பம் உண்டு. போக வர நான்கைந்து மணி நேரம் ஆகுமாயின் நடுவில் ஒருமுறை வந்து பார்க்க அண்டை வீட்டாரிடம் சொல்லிவைக்க வேண்டும். திரும்பியதும் முதலில் அதை வெளியே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். வினாத்தாளைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, நடந்தவாறே கணவரைத் தொலைபேசியில் அழைத்து, எந்தெந்த வினாவுக்கு விடை எழுதினீர்கள் என்று சொல்லலாம்.